சேர்த்து வைப்பதைவிடச் சிறந்த மகிழ்ச்சி

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது அருட்கொடையாக இவ்வுலகிற்கு அனுப்பப்பட்ட கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார் மீதும், சத்திய ஸஹாபாக்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் என் நஃப்ஸுக்கும், பிறகு உங்கள் அனைவருக்கும் வஸிய்யத் செய்து கொள்கிறேன்.

சூரா யூனுஸின் 57, 58 ஆகிய வசனங்களில் அல்லாஹு தஆலா மனித குலம் முழுவதையும் அழைத்து ஒரு நற்செய்தியை அறிவிக்கின்றான். தன்னிடமிருந்து ஓர் உபதேசமும், நெஞ்சங்களில் உள்ள பிணிகளுக்கு ஒரு மருந்தும், விசுவாசிகளுக்கு நேர்வழியும் ரஹ்மத்தும் வந்துவிட்டன என்பதே அச்செய்தி. அதனைத் தொடர்ந்து, இந்த அருளையும் கருணையையும் கொண்டே மக்கள் மகிழ்ச்சி அடையட்டும். அவர்கள் சேர்த்து வைப்பவை அனைத்தையும் விட இதுவே மேலானது என்று எடுத்துரைக்குமாறு தன் தூதருக்குக் கட்டளையிடுகின்றான்.

சகோதரர்களே! குர்ஆனை ஓதும்படி ஏவும் வசனங்களை நாம் அறிவோம். அதன்படி நடக்குமாறு ஏவும் வசனங்களையும் அறிவோம். அதைக் கொண்டு மகிழுமாறும் ஏவப்பட்டிருக்கிறோம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இவ்வசனத்தில் மகிழ்ச்சியைக் குறிக்க வந்துள்ள சொல் 'ஃபரஹ்' என்பதாகும். இதே சொல் காரூனின் வரலாற்றிலும் வருகின்றது. களஞ்சியங்களின் சாவிகளைச் சுமப்பதே வலிமை மிக்க கூட்டத்தாருக்குப் பாரமாகும் அளவுக்குச் செல்வம் படைத்திருந்த அவனைப் பார்த்து, இவ்வாறு களிப்படையாதே என்று அவனுடைய சமூகத்தார் எச்சரித்ததாக சூரா கஸஸின் 76ஆம் வசனம் கூறுகின்றது. செல்வத்தைக் கண்டு இறுமாந்து களிப்பது தடுக்கப்பட்டது. வேதத்தைக் கண்டு மகிழ்வது ஏவப்பட்டது.

இந்த வேறுபாட்டை உமர் (ரலி) அவர்கள் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் எடுத்துக் காட்டுகிறார்கள். ஈராக்கிலிருந்து வரிப்பொருள் வந்து சேர்ந்தபோது, உமர் (ரலி) அவர்கள் தம் பணியாளருடன் சென்று ஒட்டகங்களை எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கை எதிர்பார்த்ததை விட மிகுதியாக இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். உடனிருந்த பணியாளர், இதுவல்லவா அல்லாஹ்வின் அருளும் கருணையும் என்று வியந்தார். உமர் (ரலி) அவர்களோ அதை மறுத்தார்கள். இவ்வசனத்தில் கூறப்பட்ட அருளும் கருணையும் இவையல்ல. மக்கள் சேர்த்து வைப்பவை என்று கூறப்பட்டதே இவை என்று விளக்கினார்கள். ஒரு பேரரசின் கருவூலம் கண்ணெதிரே நிறைந்து நின்றபோதும், தாம் மகிழ வேண்டிய பொருள் எது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் ஏற்படவில்லை.

அன்பிற்கினிய சகோதரர்களே! இப்போது நம் நிலையைச் சற்றே சிந்திப்போம். குர்ஆன் இல்லாத வீடு நம்மிடையே இல்லை. அழகிய உறையிட்டு உயரமான இடத்தில் வைத்திருக்கிறோம். பிள்ளைகளை மக்தபுக்கு அனுப்புகிறோம். ரமளான் வந்தால் தராவீஹில் முழுக் குர்ஆனையும் செவியேற்கிறோம். வீட்டில் மய்யித் விழுந்தால் ஆளுக்கொரு ஜுஸ்வாகப் பிரித்து ஓதி முடிக்கிறோம். இத்தனையும் இருந்தும், குர்ஆனைத் திறக்கும்போது உள்ளம் துள்ளுகின்றதா? மூடி வைக்கும்போது இன்னும் சற்று நேரம் இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் பிறக்கின்றதா? அல்லது ஒரு கடமையை இறக்கி வைத்த ஆறுதல் மட்டுமே ஏற்படுகின்றதா? இக்கேள்விக்கு ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பதில் சொல்லிக் கொள்ள வேண்டும்.

பொருள் அறியாமல் ஓதுவதால் பயனில்லை என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. அல்லாஹ்வின் வேதத்திலிருந்து ஓதப்படும் ஓர் எழுத்துக்கு ஒரு நன்மையும், அந்நன்மை பத்து மடங்காகவும் கிடைக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறும் ஹதீஸ் திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே, எழுத்துக் கூட்டி ஓதும் முதியவரை எவரும் ஏளனமாக எண்ண வேண்டாம். அவருடைய கூலி அல்லாஹ்விடம் பத்திரமாக இருக்கின்றது. நாம் இன்று பேசுவது, அந்தக் கூலியோடு சேர்த்து அல்லாஹ் இவ்வுலகிலேயே தரவிரும்பும் இன்பத்தை நாம் ஏன் இழந்து நிற்கிறோம் என்பதைப் பற்றியே.

குர்ஆன் ஓதும் விசுவாசிக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமையைப் பாருங்கள். அவர் 'உத்ருஜ்ஜா' என்னும் நாரத்தை இனக் கனியைப் போன்றவர். அதன் மணமும் நன்று, சுவையும் நன்று. ஓதாத விசுவாசி பேரீச்சம்பழத்தைப் போன்றவர்; சுவை உண்டு, மணமில்லை. குர்ஆன் ஓதும் நயவஞ்சகனோ நறுமணச் செடியைப் போன்றவன். மணம் உண்டு, சுவையோ கசப்பு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸில் மணம் என்பது ஓதுதலுக்கும், சுவை என்பது ஈமானுக்கும் உவமையாக வந்துள்ளன. மணம் அருகில் இருப்பவரைச் சென்றடையும். சுவையோ உள்ளே இருப்பது. நம் ஓதுதலின் மணம் வீதியெல்லாம் வீசுகின்றது. ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்கின்றது. உள்ளே சுவை ஊறியிருக்கின்றதா என்பதே கேள்வி.

இந்தச் சுவையைத் தடுக்கும் காரணங்கள் மூன்றை இங்கே சுட்டிக் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, மொழி. நாம் அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். ஆனால் இந்தத் தடையை நீக்க நம் முன்னோர் செய்த முயற்சிகள் கொஞ்சமல்ல. தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்னும் ஒரு தனி மரபையே உருவாக்கி, ஆண்களும் பெண்களும் மார்க்கத்தைத் தம் மொழியில் விளங்கிக் கொள்ள வழி செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களைப் போன்ற பெரியார்கள் அதற்காகவே எழுதி எழுதித் தம் வாழ்நாளைக் கழித்தார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸாவில் பயின்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் நெடுங்காலம் உழைத்து, திருக்குர்ஆன் முழுமைக்கும் தமிழில் தர்ஜமா செய்து தந்தார்கள். அதன் பின்னர் ஆலிம்கள் பலர் தர்ஜமாக்களையும் தஃப்ஸீர்களையும் வெளியிட்டிருக்கிறார்கள். இன்று கைப்பேசியிலேயே ஓதுதலும் தர்ஜமாவும் கிடைக்கின்றன. அறிவுரை பெறுவதற்காகக் குர்ஆனை எளிதாக்கி இருப்பதாகக் கூறி, அறிவுரை பெறுவோர் உண்டா என்று அல்லாஹ் சூரா கமரில் நான்கு முறை வினவுகின்றான். அன்று ஒரு பிரதி கிடைப்பதே அரிதாக இருந்தவர்களை விட, இன்று நமக்கே அக்கேள்வி கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டாவது, அவசரம். குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓதுமாறு சூரா முஸ்ஸம்மிலின் 4ஆம் வசனம் ஏவுகின்றது. மக்களுக்கு இடைவெளி விட்டு ஓதிக் காட்டுவதற்காகவே அதனைப் பகுதி பகுதியாக இறக்கியதாக சூரா பனீ இஸ்ராயீலின் 106ஆம் வசனம் கூறுகின்றது. அருளியவன் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளியதை, நாம் ஒரே மூச்சில் கடந்து விடத் துடிக்கிறோம். மூன்று நாட்களுக்கும் குறைவான காலத்தில் முழுக் குர்ஆனையும் ஓதுபவர் அதை விளங்கிக் கொள்ள மாட்டார் என்ற கருத்தில் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது.

ஸஹாபாக்கள் எவ்வாறு கற்றார்கள்? உஸ்மான் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற தம் ஆசிரியர்கள், பத்து வசனங்களைக் கற்றால் அவற்றிலுள்ள இல்மையும் அமலையும் அறியாமல் அடுத்த வசனங்களுக்குச் செல்ல மாட்டார்கள் என்று தாபிஈ அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அவர்கள் தெரிவித்துள்ளார்கள். சூரா பகராவைக் கற்பதற்கு மட்டும் இப்னு உமர் (ரலி) அவர்கள் எட்டு ஆண்டுகள் எடுத்துக் கொண்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர், நபியவர்களின் சபையில் அமர்ந்தவர், 286 வசனங்களுக்காக எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார் என்றால், அங்கே அவர் கண்ட சுவை எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்!

நபி (ஸல்) அவர்கள் ஓரிரவு முழுவதும் ஒரே வசனத்தை ஓதியவர்களாக விடியும் வரை நின்றார்கள் என்று அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அது சூரா மாயிதாவின் 118ஆம் வசனம். அடியார்களைத் தண்டித்தாலும் மன்னித்தாலும் அதிகாரம் உனக்கே என்று ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் பணிந்து கூறும் இடம் அது. வஹீயைச் சுமந்த இதயமே ஒரு வசனத்தின் வாசலில் ஓரிரவு நின்றது. நாம் ஒரு பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பதற்கும் நேரமில்லை என்கிறோம்.

மூன்றாவது காரணம், குர்ஆன் வேறு யாரிடமோ பேசுகின்றது என்ற எண்ணம். காஃபிர்களைப் பற்றிய வசனம் மக்காவாசிகளுக்கு. முனாஃபிக்குகளைப் பற்றிய வசனம் மதீனாவில் இருந்த சிலருக்கு. நமக்கு அதில் என்ன என்று கடந்து விடுகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் குர்ஆன் ஓதுதலின் ஒழுங்குகளுக்கென ஒரு தனிப் பகுதியையே அமைத்து, உள்ளத்தால் ஆற்ற வேண்டிய செயல்கள் பத்தினை விவரிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று 'தக்ஸீஸ்'. குர்ஆனின் ஒவ்வொரு விளிப்பும் தன்னையே நோக்கியது என்று ஓதுபவன் கருதிக் கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். எழுத்துகளின் உச்சரிப்பிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தி, பொருளின் பக்கம் திரும்பாமல் இருப்பதும் ஒரு திரையே என்று அவர்கள் எச்சரிக்கிறார்கள். தஜ்வீதைக் குறைத்து மதிப்பிடுவது அவர்கள் நோக்கமன்று. வாசலை அலங்கரித்து விட்டு வாசலிலேயே நின்று விடாதீர்கள் என்பதே நோக்கம்.

ஒரு வசனம் தன்னை நோக்கி வரும்போது மனிதன் என்ன ஆகிறான் என்பதற்கு அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் வாழ்வே சான்று. அவர்களுடைய அருமை மகளார் ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பியவர்களுள் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அவர் உறவினர், ஏழை, அபூபக்ர் (ரலி) அவர்களின் உதவியால் வாழ்ந்தவர். இனி அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று மனம் நொந்து சத்தியம் செய்தார்கள். அப்போது சூரா நூரின் 22ஆம் வசனம் இறங்கியது. வசதி படைத்தோர் உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம். மன்னித்துப் பொறுத்துக் கொள்ளட்டும் என்று கூறி, அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்று அவ்வசனம் வினவியது. ஸித்தீக் (ரலி) அவர்கள் அக்கேள்வியைத் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியாகவே ஏற்றார்கள். தம் இறைவன் தம்மை மன்னிப்பதையே தாம் விரும்புவதாக விடையளித்து, மிஸ்தஹுக்கு அளித்து வந்த உதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். மகளின் மானத்தைப் புண்படுத்தியவனுக்குச் சோறு போடும் கரம் எங்கிருந்து அந்த வலிமையைப் பெற்றது? ஒரே ஒரு கேள்வியிலிருந்து!

சகோதரர்களே! உங்களுள் சொத்துத் தகராறில் உடன்பிறந்தவரோடு பேச்சு முறிந்தவர் இருக்கலாம். இன்றிரவு அந்த வசனத்தைத் திறந்து வையுங்கள். அந்தக் கேள்வி 1400 ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் கேட்கப்பட்டு முடிந்து விட்டதா, அல்லது உங்கள் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிந்தித்து ஓதுவது எவ்வாறு என்பதற்கு, நாம் அனைவரும் மனனம் செய்துள்ள சூரா வள்ளுஹாவையே எடுத்துக் கொள்வோம். பதினொரு சிறு வசனங்கள். நபி (ஸல்) அவர்கள் உடல்நலமின்றிச் சில இரவுகள் எழுந்து தொழ இயலாமல் இருந்தபோது, இவரைக் கைவிட்டு விட்டார்கள் என்ற பொருள்பட ஒரு பெண் ஏளனம் செய்தாள். அப்போது இந்த சூரா இறங்கியது. முற்பகலின் மீதும், அமைதியாகச் சூழும் இரவின் மீதும் சத்தியமிட்டு அது தொடங்குகின்றது. ஏன் இவ்விரண்டின் மீதும்? இரவு வருவதால் பகலைப் படைத்தவன் உலகை வெறுத்து விட்டான் என்று எவரும் சொல்வதில்லை. இரவும் அவனுடைய ஏற்பாடே. அதில் ஓய்வும் உண்டு, விடியலும் உண்டு. அவ்வாறே, வஹீ வராத சில நாட்களும் கைவிடப்பட்ட நாட்கள் அல்ல. சத்தியத்தைத் தொடர்ந்து, உம் இறைவன் உம்மைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என்ற ஆறுதல் வருகின்றது.

பிறகு மூன்று நினைவூட்டல்கள்: அநாதையாக இருந்தீர், புகலிடம் தந்தான், வழியறியாது இருந்தீர், வழிகாட்டினான், வறுமையில் இருந்தீர், போதுமாக்கினான் என்ற கருத்தில். இறுதியில் மூன்று கட்டளைகள்: அநாதையை அடக்கி ஒடுக்காமல் இருப்பது, கேட்டு வருபவரை விரட்டாமல் இருப்பது, இறைவனின் அருட்கொடையை எடுத்துக் கூறுவது. பெற்ற ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய நன்றி எது என்று அந்த சூராவே சொல்லித் தந்து விடுகின்றது. வளைகுடாவில் குடும்பத்தைப் பிரிந்து ஒரு சிறு அறையில் படுத்திருக்கும் சகோதரர், வியாபாரம் நலிந்து கடனில் தவிக்கும் வணிகர், கேட்ட துஆவுக்குப் பதில் காணாமல் சோர்ந்திருக்கும் தாய், இவர்களுள் எவரும் இந்த சூராவைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். என் வாழ்வின் முற்பகல் எது? என் இரவு எது? எனக்குப் புகலிடம் தந்த நாள் எது? அந்த நன்றியை யாருக்குச் செலுத்த வேண்டியிருக்கிறது? இக்கேள்விகளோடு அடுத்த தொழுகையில் அதே சூராவை ஓதிப் பாருங்கள். எத்தனையோ ஆண்டுகளாக நாவில் உருண்ட சொற்கள் நெஞ்சில் இறங்குவதை இன்ஷா அல்லாஹ் உணர்வீர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். சிந்திப்பது என்பது தர்ஜமாவைப் பார்த்துவிட்டு மார்க்கச் சட்டம் எடுப்பதன்று. ஹலால், ஹராம், கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாக்கள் ஆகியவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே நம் கடமை. ஆனால் அல்லாஹ்வின் அத்தாட்சிகளைக் கண்டு வியக்கவும், எச்சரிக்கைகளைக் கண்டு அஞ்சவும், வாக்குறுதிகளைக் கண்டு மகிழவும் சனது எதுவும் தேவையில்லை. மக்கள் சிந்தித்துப் பார்ப்பதற்காகவே இந்த அருள்வளம் மிக்க வேதத்தை இறக்கியதாக சூரா ஸாதின் 29ஆம் வசனத்தில் அல்லாஹ் கூறுகின்றானே!

மேலும், குர்ஆனின் இன்பம் சிரிப்பில் மட்டுமே வெளிப்படும் என்று எண்ணி விடக் கூடாது. அதை ஓதக் கேட்கும்போது மேனி சிலிர்ப்பதையும், பின்னர் மேனியும் உள்ளமும் இளகுவதையும் சூரா ஸுமரின் 23ஆம் வசனம் வர்ணிக்கின்றது. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதிக் காட்டுமாறு பணித்தார்கள். தங்களுக்கே அருளப்பட்டதை நான் தங்களுக்கு ஓதுவதா என்று அவர்கள் வியந்தபோது, பிறர் ஓதக் கேட்பதை விரும்புவதாக நபியவர்கள் பதிலளித்தார்கள். சூரா நிஸாவின் 41ஆம் வசனத்தை அடைந்ததும் போதும் என்றார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் திரும்பிப் பார்த்தபோது, நபியவர்களின் இரு கண்களும் நீர் சொரிந்து கொண்டிருந்தன. விரும்பிக் கேட்டார்கள், கேட்டு அழுதார்கள். அந்த விருப்பமும் அந்தக் கண்ணீரும் ஒரே அன்பின் இரு வெளிப்பாடுகள். நம் உள்ளங்கள் தூய்மையாக இருந்தால் இறைவனின் பேச்சு நமக்குத் தெவிட்டவே தெவிட்டாது என்ற கருத்தை உஸ்மான் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். தெவிட்டினால் குறை உணவில் இல்லை, நாவில்தான் நோய்.

ஆகவே, இன்று முதல் செய்யத்தக்க மூன்று எளிய செயல்களைச் சொல்லி நிறைவு செய்கிறேன்.

ஒன்று: நாளொன்றுக்கு ஐந்து வசனங்களைத் தர்ஜமாவுடன் ஓதுவோம். வழக்கமாக ஓதும் ஜுஸ்வை விட வேண்டியதில்லை. அதோடு இதையும் சேர்த்துக் கொள்வோம். கூஃபா கணக்கின்படி குர்ஆனின் வசனங்கள் 6236. நாளுக்கு ஐந்து என்றால் மூன்றரை ஆண்டுகளுக்குள் முழுக் குர்ஆனையும் பொருளுணர்ந்து முடித்து விடலாம்.

இரண்டு: பர்ளுத் தொழுகைகளில் மட்டும் நாள்தோறும் பதினேழு ரக்அத்களில் இடம்பெறும் சூரா ஃபாத்திஹாவின் பொருளை, வீட்டிலுள்ள அனைவரும் சொல்லுக்குச் சொல் கற்றுக் கொள்வோம். அடியான் அதன் வசனங்களை ஓத ஓத அல்லாஹ் அவனுக்குப் பதிலளிப்பதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸீ முஸ்லிமில் உள்ளது. பதில் வருகின்றது என்று அறிந்தவன், பதிலுக்கு இடமே விடாமல் விரைந்து ஓதுவானா?

மூன்று: வாரத்தில் ஒருநாளேனும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்து, குடும்பத்தோடு ரிஹால் பலகையைச் சுற்றி அமர்வோம். பிள்ளை ஓதட்டும், தாய் தர்ஜமாவை வாசிக்கட்டும், தந்தை அதைக் கேட்கட்டும்.

கண்ணியமிக்கவர்களே! என் சமூகத்தார் இந்தக் குர்ஆனை ஒதுக்கி விட்டார்கள் என்று இறைத்தூதர் அல்லாஹ்விடம் முறையிடுவதை சூரா ஃபுர்கானின் 30ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. ஓதாமல் ஒதுக்குவதும் உண்டு. சிந்திக்காமல் ஒதுக்குவதும் உண்டு. அதன்படி நடக்காமல் ஒதுக்குவதும் உண்டு என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். யாருடைய ஷஃபாஅத்தை நம்பி வாழ்கிறோமோ, அவர்களே நமக்கெதிராக முறையிடும் நிலையை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! நாம் சேர்த்து வைத்தவற்றை ஒருநாள் வாரிசுகள் பங்கிட்டுக் கொள்வார்கள். உள்ளத்தில் இறங்கிய வசனத்தை எவரும் பங்கு போட முடியாது. அது நம்மோடு கப்ருக்கு வரும்.

யா அல்லாஹ்! உன் வேதத்தை எங்கள் உள்ளங்களின் வசந்தமாகவும், எங்கள் நெஞ்சங்களின் ஒளியாகவும், எங்கள் கவலைகளைப் போக்கும் மருந்தாகவும் ஆக்கியருள்வாயாக! அதை ஓதவும், விளங்கவும், அதைக் கொண்டு மகிழவும், அதன்படி வாழவும் எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.